சின்னப் படகில் பாதுகாப்புப் பொருள்கள்: எது, எத்தனை, எங்கே வைப்பது

பொழுதுபோக்குப் படகில் என்னென்ன பாதுகாப்புப் பொருள் இருக்க வேண்டும் என்ற பட்டியலை அந்தந்த நாட்டு அரசே தருகிறது. படகின் நீளம், எஞ்சின் உண்டா இல்லையா, ஏரியா கடலா, பகலா இரவா என்பதைப் பொறுத்து அது மாறும். உங்கள் நீர்நிலைக்குப் பொறுப்பான துறையிடமிருந்து அந்தப் பட்டியலை வாங்கிப் படிப்பதுதான் முதல் வேலை. ஆனால் பட்டியல் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும். நாலு பேருக்கு நாலு லைஃப் ஜாக்கெட் இருந்தால் அதற்குப் போதும். அந்த நாலும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கைக்கு அடியில், மீன்பிடி பெட்டிக்குப் பின்னால் திணித்துக் கிடக்கின்றனவா என்று அது கேட்காது. படகு கவிழ ஆகும் நேரம் சில நொடிதான். அதற்குள் அந்தப் பெட்டியை நகர்த்த யாராலும் முடியாது.

அதனால் இங்கே பொருள்களை நேரக் கணக்கில் பிரித்திருக்கிறோம். முதல் சில நொடிகளில் தேவைப்படுபவை உடம்பிலேயே இருக்க வேண்டும். சில நிமிடங்களுக்குள் தேவைப்படுபவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உதவி வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியவை நனையாத பையில் இருக்கலாம். துடுப்புப் படகு, கயாக், வெளி எஞ்சின் பொருத்திய படகு, சிறு பாய்மரப் படகு என்று சுமார் 3 முதல் 8 மீட்டர் வரை நீளமுள்ள எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தும்.

உடம்பில் இருக்க வேண்டியவை

முதலில் லைஃப் ஜாக்கெட். அதன் மிதப்பாற்றலை நியூட்டன் அளவில் சொல்வார்கள். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தூக்கும் சக்தி. தண்ணீருக்குள் மனித உடம்பின் எடை சில கிலோதான் என்பதால் சிறிய எண்கூடத் தலையை மேலே வைத்திருக்கும். ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தரம் இவற்றை நான்கு படிகளாகப் பிரிக்கிறது.

50 நியூட்டன்: நீச்சல் தெரிந்தவர், கரைக்கு அருகில், பக்கத்திலேயே உதவி இருக்கும்போது. மயங்கியவரின் முகத்தை இது மேல்நோக்கித் திருப்பாது.
100 நியூட்டன்: அலை குறைந்த நீர்நிலைக்கு.
150 நியூட்டன்: திறந்த கடலுக்கு. மயங்கிய நிலையிலும் பெரும்பாலானவர்களை மல்லாக்கத் திருப்பிவிடும்.
275 நியூட்டன்: கனத்த உடைகளுடன், கரையிலிருந்து வெகுதூரம் போகிறவர்களுக்கு.

கயாக்கில் துடுப்புப் போடுபவருக்கு 50 நியூட்டன் பொருத்தம். கையை மடக்கி வீச இடம் கிடைக்கும், அதனால் கழற்றாமல் போட்டிருப்பார். நீச்சல் தெரியாத ஒருவரை மோட்டார் படகில் கடலுக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால் 150க்குக் கீழே இறங்காதீர்கள்.

அளவு பார்க்கும் முறை இது. உள்பக்கச் சீட்டில் எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். படகில் போட்டிருக்கப்போகும் உடைக்கு மேலே அணியுங்கள். கொக்கிகளைக் கீழிருந்து மேலாக மாட்டி, வார்களை இழுத்து இறுக்குங்கள். இன்னொருவர் பின்னால் நின்று இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறிவந்தால் அது பெரியது, அல்லது வார் தளர்ந்திருக்கிறது. தண்ணீரில் நடப்பதும் இதேதான்: ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் கீழே வழுக்குவார். கால்களுக்கு இடையே போகும் வார் இதற்காகத்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதைத் தவறாமல் மாட்டுங்கள். கடைசியாக, மார்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சாய்ந்து பாருங்கள். முகவாய் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். குழந்தைக்கு “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று பெரிய அளவு வாங்குவது ஆபத்து. காற்றடைக்கும் வகையும் சிறுவர்களுக்கு வேண்டாம். நுரை வைத்தது, கழுத்துக்குப் பின்னால் தலையணை போன்ற பட்டை உள்ளது, தூக்கிப்பிடிக்கக் கைப்பிடி உள்ளது என்று பார்த்து வாங்குங்கள்.

நுரை ஜாக்கெட்டைக் கெடுப்பவை இரண்டு: வெயிலும் உட்காரும் பழக்கமும். மெத்தையாகப் போட்டு உட்கார்ந்தால் நுரை நசுங்கி மிதப்பு குறைகிறது. வெயிலில் கிடந்தால் துணி உளுத்துப்போகிறது. நிறம் வெளுத்த இடத்தில் இரண்டு விரலால் கிள்ளி இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் அந்த ஜாக்கெட்டின் காலம் முடிந்துவிட்டது.

காற்றடைக்கும் ஜாக்கெட் இலகுவானது. போட்டிருப்பதே தெரியாது. ஆனால் அதை நம்புவதற்கு முன் திறந்து பார்த்தே ஆக வேண்டும். உள்ளே கட்டைவிரல் பருமனில் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று திருகப்பட்டிருக்கும். நாடாவை இழுத்தால் ஓர் ஊசி இதன் மூடியைத் துளைக்கும், வெளிவரும் வாயு ஜாக்கெட்டை விரிக்கும். அதைக் கழற்றி முனையைப் பாருங்கள். மூடி வழவழவென்று முழுசாக இருந்தால் வாயு உள்ளே இருக்கிறது. நடுவில் ஊசித்துளை தெரிந்தால் ஏற்கெனவே வெடித்த குப்பி. குப்பியின் மேல் மொத்த எடை பொறித்திருக்கும். சமையலறைத் தராசில் வைத்தால் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். துரு ஏறியிருந்தால் மாற்றுங்கள், துரு காற்றுப்பையை உராய்ந்து ஓட்டையாக்கும். திரும்ப மாட்டும்போது கையால் முடிந்தவரை இறுக்குங்கள். படகின் அதிர்விலும், கழற்றி மாட்டுவதிலும் குப்பி மெல்ல மெல்லக் கழன்றுவருவதுதான் இந்த வகையில் அடிக்கடி காணப்படும் பழுது. தளர்ந்த குப்பியை ஊசி எட்டாது. நாடாவை எத்தனை முறை இழுத்தாலும் ஜாக்கெட் விரியாது. தண்ணீர் பட்டவுடன் தானாக விரியும் வகையில் கரையும் வில்லை ஒன்று இருக்கும், அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள். பிறகு வாய்க்குழாய் வழியாக ஊதி இரவு முழுவதும் வையுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் பை கசிகிறது.

இன்னும் இரண்டு. காற்றடைக்கும் ஜாக்கெட்டுக்கு மேலே மழைக்கோட்டுப் போடாதீர்கள். விரியும்போது நெஞ்சை நெரிக்கும், அல்லது விரியவே இடமிருக்காது. அறையுள்ள படகின் உள்ளே இருக்கும்போது தானாக விரியும் வகையை அணியாதீர்கள். படகு கவிழ்ந்தால் அது உங்களைக் கூரையோடு அழுத்திப் பிடிக்கும், மூழ்கி வாசல் வழியாக வெளியே வர விடாது.

“தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம்” என்ற நினைப்பு ஏன் தவறு என்பதற்குக் குளிர்நீர் நல்ல விளக்கம். சுமார் 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். அடுத்த பத்து நிமிடத்துக்குள் விரல்கள் மரத்துப்போய் கொக்கி மாட்டும் திறன் போய்விடுகிறது. குளிரால் நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் ஜாக்கெட் போட்டவருக்கு மட்டுமே கிடைக்கும்.

ஜாக்கெட்டில் கட்ட வேண்டியவை: உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில் ஒன்று, இருட்டும் வாய்ப்பிருந்தால் தண்ணீர் பட்டால் எரியும் சிறு விளக்கு ஒன்று. கைபேசி நீர்புகா உறையில், கழுத்திலோ பையிலோ. உறைக்குள் முதலில் காகிதக் கைக்குட்டையை வைத்து மூடி, அரைமணி நேரம் வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு கைபேசியை வையுங்கள்.

எஞ்சின் படகு ஓட்டுபவருக்கு இன்னொன்றும் உடம்பில் இருக்க வேண்டும்: எஞ்சின் நிறுத்தக் கயிறு. சுருள் சுருளாகச் சிவப்பு நிறத்தில் இருக்கும். ஒரு முனை எஞ்சின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுநரின் தொடையிலோ ஜாக்கெட்டின் உலோக வளையத்திலோ. ஓட்டுநர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கும். கயிறு இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி, விழுந்தவர் மேலேயே சுழலும் விசிறியோடு வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதை 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் எஞ்சினை ஓடவிட்டுக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், அந்த நொடியே நிற்க வேண்டும். ஸ்டீயரிங்கை வேறொருவருக்குக் கொடுப்பதானால் எஞ்சினை நிறுத்திவிட்டு மாறுங்கள். இரண்டாவது கயிறு ஒன்றைப் படகிலேயே வையுங்கள். முதல் கயிறு ஓட்டுநரோடு தண்ணீரில் போய்விட்டால், மீதமுள்ளவர்கள் எஞ்சினைத் திரும்ப ஓட்டி அவரை எடுக்க அது வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டியவை

வீசும் மிதவை ஒன்று, அதோடு 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு. மூழ்கும் கயிறு விசிறியில் சுற்றிக்கொள்ளும். பையில் அடைத்த கயிறே நல்லது, சுற்றி வைத்த கயிறு அவசரத்தில் சிக்குப்போடும். முனையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டில் சுற்றிக் கட்டாதீர்கள். விழுந்தவரைக் குறிவைக்காமல் அவரைத் தாண்டி வீசுங்கள். கயிறு அவர் தோள்மேல் விழட்டும். ஆள் விழுந்த நொடியில் ஒருவர் அவரைக் கையால் சுட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அலைக்கு நடுவே ஒரு தலை கண்ணிலிருந்து தப்புவதற்குச் சில நொடி போதும். ஆளை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்துங்கள்.

நெருங்குவதைவிடக் கடினம் அவரை மேலே ஏற்றுவது. நனைந்த உடையோடு களைத்துப்போனவரைப் படகு விளிம்புக்கு மேலே தூக்க இரண்டு பேராலும் முடியாமல் போகலாம். ஏணி வேண்டும். அதுவும் தண்ணீரில் இருப்பவர் தானே இழுத்துவிடக்கூடியதாக, குறைந்தது இரண்டு படி தண்ணீருக்குள் இறங்குவதாக இருக்க வேண்டும். நிலையான ஏணி இல்லாத படகில், கயிற்றில் கண்ணி போட்டுப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் கால் வைத்து ஏறலாம்.

அடுத்து தீ. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது.  படகில் அது கீழே இறங்கி அடிக்குழியில் தேங்கி நிற்கும், ஸ்டார்ட்டரின் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே பெட்ரோல் நிரப்பும் ஒழுங்கு தீயணைப்பானுக்கு முன்னால் வருகிறது. எஞ்சினையும் மின்சாதனங்களையும் அணையுங்கள், எல்லாரையும் இறக்குங்கள். தூக்கிச் செல்லும் டாங்கைக் கரையில் தரைமேல் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், படகுக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்பொறி பறக்கும் ஆபத்துண்டு. குழாயின் மூக்கு டாங்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பாதீர்கள், வெயிலில் பெட்ரோல் விரியும். சிந்தியதைத் துடைத்த துணியையும் கரையிலேயே விடுங்கள். எஞ்சின் உள்ளே இருக்கும் படகானால், காற்றுவிசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, அடிக்குழியை மோந்து பார்த்துவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள். கருவியை நம்பினாலும் மூக்கையும் நம்புங்கள்.

தீயணைப்பான் எண்ணெய்த் தீயை அணைக்கும் வகையாக இருக்க வேண்டும். உலர்தூள் வகை சின்னப் படகுக்குப் போதும். எஞ்சின் பக்கத்தில் மாட்டாதீர்கள், எரிவது அங்கேதான், நெருப்பைத் தாண்டிக் கை நீட்ட முடியாது. ஸ்டீயரிங் அருகே, சட்டென்று எடுக்கக்கூடிய தாங்கியில் வையுங்கள். ஒரு கிலோ தூள் பத்து நொடி அளவில் தீர்ந்துவிடும். எனவே கைப்பிடியிலுள்ள தடுப்புப் பின்னை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, பக்கவாட்டில் வீசி அடியுங்கள். சுடரின் நுனியில் அடித்தால் தூள்தான் வீண். தீ படகின் பின்பக்கம் என்றால் முன்முனையைக் காற்றுக்கு எதிராகத் திருப்புங்கள், புகையும் சுடரும் ஆட்களை விட்டு விலகிப் போகும். மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். அதிர்வில் தூள் அடியில் கட்டிபட்டுவிட்டால், முள் பச்சையைக் காட்டினாலும் வாயு மட்டுமே வெளியே வரும்.

நீர் இறைக்க வாளி ஒன்று, பிடியில் கயிறு கட்டியது. படகின் அடியிலுள்ள வடிகால் துளைக்கு மாற்று மூடி ஒன்று. துளையை மூடாமலேயே தண்ணீரில் இறக்குவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. மூடியை எஞ்சின் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்தால் மறக்காது. எஞ்சின் படகிலும் இரண்டு துடுப்பு இருக்கட்டும். கயிறு அறுக்கக் கத்தி ஒன்று, உறையோடு.

நங்கூரத்தைப் பலரும் மீன்பிடிக்க மட்டும் நினைக்கிறார்கள். எஞ்சின் நின்றுபோய் காற்று பாறைப் பக்கம் தள்ளும்போது உங்களிடம் இருக்கும் ஒரே தடை அதுதான். கயிற்றின் நீளத்தில்தான் எல்லாம். தண்ணீரின் ஆழம் 4 மீட்டர், படகின் முன்முனை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் மொத்தம் 5. அமைதியான நாளில் அதைப்போல் ஐந்து மடங்கு, 25 மீட்டர் விட வேண்டும். காற்றடித்தால் ஏழு மடங்கு, 35 மீட்டர். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், தரையில் பதிந்திருக்கும் கொழு பெயர்ந்துவிடும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி சேர்த்தால் இழுப்பு தரையோடு படுத்திருக்கும். மறுமுனையை முதலிலேயே படகில் கட்டிவிட்டு வீசுங்கள். எப்போதும் முன்முனையிலிருந்துதான் கட்ட வேண்டும். பின்பக்கம் எஞ்சின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது, அங்கே கட்டினால் வரும் அலை நேராக உள்ளே ஏறும்.

பார்க்கவும் கேட்கவும்

விளக்கு விதிகள் 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிமுறைகளில் இருக்கின்றன. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகு, பக்க விளக்குகளோடு சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்குப் போட்டால் போதும். 7 மீட்டருக்குக் குறைந்து, 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டாத எஞ்சின் படகுக்கு அந்த ஒரு வெள்ளை விளக்கே போதும், முடிந்தால் பக்க விளக்கும் வேண்டும். துடுப்புப் படகில் வெள்ளை டார்ச் தயாராக இருக்க வேண்டும், மோதுவதற்கு வெகுமுன்பே காட்ட வேண்டும். வெள்ளை விளக்கை நிற்பவர்களின் தலை மறைக்காத உயரத்தில் வையுங்கள். மாற்று பேட்டரி இல்லாத விளக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூடுபனியில் 12 மீட்டருக்குக் குறைந்த படகும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் ஏதாவது ஒலி எழுப்ப வேண்டும். வாயு ஹாரனும், அது தீர்ந்தால் விசிலும். எதிரே வருபவர் என்ன செய்யப்போகிறார் என்று புரியாவிட்டால் ஐந்து குறு ஒலி.

உதவி கூப்பிட

இவை நனையாத பையில், படகு கவிழ்ந்தாலும் மிதந்து கூடவே வரும்படி கட்டியிருக்க வேண்டும்.

பகலுக்கு ஆரஞ்சுப் புகை, இரவுக்குக் கையில் பிடிக்கும் சிவப்பு ஃபிளேர் (பளிச்சென்று எரியும் அபாயச் சுடர்), தூரத்துக்குப் பாராசூட் ராக்கெட். பெரிய கப்பல்களின் தரத்துக்குச் செய்த கை ஃபிளேர் சுமார் ஒரு நிமிடம் எரியும். ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய் 40 நொடி எரிந்து இறங்கும். ஆகவே வானத்தைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடாதீர்கள். ராக்கெட் தூரத்தில் இருப்பவரை இந்தப் பக்கம் திரும்பவைக்க, கை ஃபிளேர் நெருங்கி வந்தவருக்கு இடத்தைக் காட்ட. கை ஃபிளேரைக் காற்று வீசிப்போகும் பக்கம், கையை நீட்டி, படகுக்கு வெளியே சாய்த்துப் பிடியுங்கள். உருகிச் சொட்டுவது ரப்பர் படகை ஓட்டையாக்கும். சுடரைப் பார்க்காதீர்கள், கண் கூசி இருட்டில் ஒன்றும் தெரியாது. ஃபிளேரில் அச்சடித்த காலாவதித் தேதியை மதியுங்கள். எரிக்கும் விதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், கரையிலிருக்கும்போதே எல்லாரும் அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட வேண்டும்.

கடலுக்குப் போகிறீர்கள் என்றால் கைபேசியோடு நிற்காமல் நீர்புகா விஎச்எஃப் வானொலி (படகுகள் ஒன்றோடொன்று பேசும் கருவி) ஒன்று வாங்குங்கள். கைபேசி ஒருவருக்குத்தான் கேட்கும். வானொலியில் அபாய அழைப்புக்கான சேனல் 16 சுற்றிலும் உள்ள எல்லாப் படகுகளுக்கும் கேட்கும். உயிராபத்தில் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: “மேடே” (சர்வதேச அபாய அழைப்புச் சொல்) மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, மீண்டும் “மேடே”யும் பெயரும் ஒரு முறை, இருக்கும் இடம், என்ன ஆயிற்று, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர், “ஓவர்”. இடத்தை முன்னால் சொல்வதற்குக் காரணம், பேச்சு பாதியில் அறுந்தாலும் எங்கே வர வேண்டும் என்பது போய்ச் சேர்ந்திருக்கும்.

கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போனால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று. காஸ்பஸ்-சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு இதன் சமிக்ஞையைப் பிடித்து மீட்புப் படையிடம் சேர்க்கிறது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்களைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரியோடு கேட்பதை நிறுத்திவிட்டன. யாராவது பழையதைத் தள்ளிவிட்டால் வாங்காதீர்கள். புதியதை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். அப்போதுதான் வீட்டாரைக் கூப்பிட்டு உண்மையான ஆபத்துதானா என்று உடனே கேட்க முடியும்.

எதுவும் கையில் இல்லையென்றால் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் திரும்பத் திரும்ப அசையுங்கள். இதுவும் சர்வதேச அபாயக் குறிதான். ஒரு கையை வேகமாக ஆட்டினால் கையசைத்து வாழ்த்துவதாக நினைத்துப் போய்விடுவார்கள்.

கிளம்பும் முன் பதினைந்து நிமிடம்

போகும் இடம், திரும்பும் நேரம், படகின் நிறம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக் கரையிலுள்ள ஒருவரிடம் கொடுங்கள். எந்த நேரத்துக்குமேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். படகு கட்டியிருக்கும்போதே எல்லாரையும் உட்காரவைத்து ஐந்தை மட்டும் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்: தீயணைப்பான், வீசும் மிதவை, வாளி, நிறுத்தக் கயிறு, வானொலி. காட்டத் தெரியாதவருக்கு மறுபடியும் காட்டுங்கள். எஞ்சினை எப்படி நிறுத்துவது என்பதை ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் செய்து பார்த்திருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, படகைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தண்ணீரிலிருந்து பார்க்கும்போது கரை உண்மையைவிடப் பக்கத்தில் தெரியும். தேடி வருபவர்களுக்கோ தலையைவிடக் கவிழ்ந்த படகு எளிதில் கண்ணில் படும்.

திரும்பி வந்ததும் ஜாக்கெட், கயிறு, ஏணி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்போடு மடித்துவைத்தால் கொக்கியும் குப்பியும் அரித்துப்போகும். காலாவதியாகும் பொருள்களின் தேதிகளை, அதாவது ஃபிளேர், ஜாக்கெட் வில்லை, தீயணைப்பான், பீக்கன் பேட்டரி ஆகியவற்றை, ஒரு அட்டையில் எழுதிப் பாதுகாப்புப் பையின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் படும்.